விடுப்பில் இருக்கும் முதல்வர்

1

மே மாதம் இரண்டாவது வாரம் வந்தால் நான் ஒரு கடிதம் எழுதுவேன். சொந்தக் காரணங்களை முன்னிட்டு வரும் கல்வியாண்டுக்கும் எனக்கு ஊதியமில்லா விடுப்பு தந்து உதவ வேண்டும் என்று பள்ளித் தாளாளருக்கு நான்கே வரி. ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால்தான் எங்கள் பக்கத்தில் அது விடுப்பு மாதிரி இருக்கும்.

இந்த மே மாதம் எழுத உட்கார்ந்தது ஏழாவது கடிதம். லெஸ்டரில் ஒரு சனிக்கிழமை காலை. சமையலறை மேஜையில் ஒரு பக்கம் என் மடிக்கணினி, மறுபக்கம் என் மகள் யாழினி, நடுவில் அவளுடைய பால் கிண்ணம். இங்கே வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதினைந்து. எட்டிப் பார்த்துக் கடிதத்தைப் படித்தாள். தமிழில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"இது லீவ் இல்லம்மா" என்றாள், ஆங்கிலத்தில். "ஆறு வருஷம் போகலேன்னா அதுக்குப் பேர் வேற."

"நீ சாப்பிடற வேலையைப் பாரு" என்றேன், தமிழில். எங்கள் வீட்டில் இப்போது சண்டை எல்லாம் இப்படி இரண்டு மொழியில்தான் நடக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று கடைசிவரை தெரியாது.

ஆனால் அன்று கடிதத்தை முடிக்கவில்லை. தேதி மட்டும் போட்டுவிட்டு மூடி வைத்தேன்.

2

விவரம் சொல்லிவிடுகிறேன். மங்கலத்திலிருந்து சாமளாபுரம் போகிற சாலையில், இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே, ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளி இருக்கிறது. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் நான் அங்கே முதல்வர். கணவர் செந்தில் பின்னலாடைத் தர ஆய்வாளர். துணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம் அவரை இங்கே கூப்பிட்டது, நாங்களும் புறப்பட்டோம். இரண்டு வருட ஒப்பந்தம் என்றுதான் சொன்னார்கள். அது நீண்டுகொண்டே போகிறது. அவர் மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு நாட்டுத் தொழிற்சாலையில் நின்று தையல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்பும்போது ராஜினாமா கடிதத்தோடு தாளாளரைப் பார்க்கப் போனேன். பெரிய தறிக்காரர், மரியாதைக்காரர். கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ராஜினாமா எல்லாம் எதுக்குங்க மேடம்? லீவ் எழுதிக் குடுங்க. உங்க எடம் உங்களுக்குத்தானுங்க" என்றார். அவர் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் கிடையாது. துணை முதல்வராக இருந்த ரெஜினா டீச்சரைக் கூப்பிட்டு, "மேடம் வர்ற வரைக்கும் பொறுப்பு பாத்துக்கங்க டீச்சர்" என்றார். ரெஜினா டீச்சர் தலையை ஆட்டினார். என் கையில் இருந்த சாவிக்கொத்து அவர் கைக்குப் போனது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

இங்கே எனக்குக் கிடைத்த வேலை, ஒரு மேல்நிலைப் பள்ளியில் வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்வது. பாடம் நடத்தக் கூடாது. அவர் விட்டுப்போன பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு, யாரும் யாரையும் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை கணக்கு, செவ்வாய்க்கிழமை பிரெஞ்சு, புதன்கிழமை மர வேலை. பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது. 'மிஸ்' என்றால் போதும். தலைமையாசிரியரோ தன்னை ஜேன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் நாக்கு அதற்கு வளையவே இல்லை. இரண்டு வருடம் அவரை எப்படியும் கூப்பிடாமல், எதிரே போய் நின்று தொண்டையைச் செருமியே காலம் தள்ளினேன். எனக்கு ஏதோ தொண்டை நோய் என்று அவர் நினைத்திருப்பார்.

பகல் முழுக்க முப்பது பிள்ளைகள் நடுவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னோடு ஒரு முழு வாக்கியம் பேச ஆள் இருக்காது. யாழினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: நான் விடுப்பில் இருக்கும் முதல்வர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒரு நினைப்புத்தான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

3

மூன்று வருடத்துக்கு முன், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற முனைவர் படிப்பில் சேர்ந்தேன். கல்வித் தலைமை என்பது பாடம். மாதத்தில் ஒரு வெள்ளியும் சனியும் வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் தலைமையாசிரியர்கள், கல்லூரித் துறைத் தலைவர்கள், தாதியர் பயிற்சி நடத்துகிறவர்கள். முதல் நாள் அறிமுகத்தில் எல்லோரும் தங்கள் பதவியைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "இந்தியாவில் ஒரு பள்ளியின் முதல்வர், இப்போது விடுப்பில் இருக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் இல்லையே. யாழினியை விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

அவரவர் பணியிடத்தை ஒட்டித்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அந்தப் படிப்பின் முறை. நான் என் பழைய பள்ளியை எடுத்துக்கொண்டேன். அனுமதிக்குத் தாளாளரை ஃபோனில் கூப்பிட்டேன். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு நீங்க எங்கிட்ட கேக்கோணுமாங்க?" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

சனிக்கிழமை காலைகளில் ரெஜினா டீச்சரை வீடியோவில் பேட்டி எடுப்பேன். அங்கே பிற்பகல், பிள்ளைகள் போயிருப்பார்கள். அவர் சொன்னதை எல்லாம் கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு யாரும் வருவதில்லை என்று, மதிப்பெண் அட்டைகளை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய்விடுகிறார். டீ டைம் பதினைந்து நிமிடத்தில் அம்மாக்களை வாசலில் பார்த்து, பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார். இந்தி மட்டும் தெரிந்த பிள்ளைகள் முதல் வகுப்பில் அழுகிறார்கள் என்று, கம்பெனியில் துணி செக்கிங் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பீகார் பெண்ணைப் பிடித்து வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார். நான் ஒன்பது வருடத்தில் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பெற்றோர் வரவில்லை என்று சுற்றறிக்கை அனுப்பினேன். அதற்கும் வரவில்லை.

பேட்டிகளில் ஒன்று கவனித்தேன். முதல்வர் அறையில், பெரிய மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுழல் நாற்காலி காலியாகவே இருக்கும். ரெஜினா டீச்சர் மேஜைக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியும் அவருடைய நாற்காலியும் ஒரே மாதிரி.

எனக்குள் விளக்கு எரிந்தது. அதிகாரத்தைக் காட்டாத தலைமை, எல்லோரோடும் சமமாக உட்காரும் தலைமை என்று நாற்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதினேன். தலைப்பே 'காலி நாற்காலி'தான். வகுப்பில் அதைப் படித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு தலைமையாசிரியர், நாளையே தன் அறை நாற்காலியை மாற்றப் போவதாகச் சொல்லிக் குறிப்பு எடுத்துக்கொண்டார். அன்று பேருந்தில் வரும்போது, இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக நானும் ஓர் ஆள்தான் என்று நினைத்தேன்.

4

விடுப்புக் கடிதத்தை மூடி வைத்ததற்கு அடுத்து வந்த புதன்கிழமை, ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போனேன். பெயர் ஹெலன். இவரையும் நான் செருமித்தான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்குகிற, அதிகம் பேசாத பெண்மணி. என் அத்தியாயத்தை அச்செடுத்து வைத்திருந்தார். ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு கேள்விக்குறி.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "ஒரு சந்தேகம். அந்த நாற்காலி யாருடையது?"

"முதல்வருடையது."

"முதல்வர் யார்?"

வாயைத் திறந்தேன். ரெஜினா என்று சொல்லத்தான் திறந்தேன். "நான்தான். விடுப்பில் இருக்கிறேன்" என்று வந்தது.

ஹெலன் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, ஆய்வாளர் தன்னைப் பற்றி எழுத வேண்டிய பகுதியை எடுத்துப் புரட்டினார். பெண், புலம்பெயர்ந்தவள், முன்பு அந்தப் பள்ளியில் பணியாற்றியவள் என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். "இது இதில் இல்லையே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதில் இல்லாதது அது ஒன்று மட்டும் கிடையாது. ரெஜினா டீச்சரின் அம்மா, எங்கள் சொந்த ஊரான குண்டடத்தில் எங்கள் தோட்டத்தில் களை வெட்டியவர். என் அப்பாவைவிட மூத்தவர், ஆனாலும் அப்பா அவரை வா, போ என்றுதான் பேசுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசினோம். பிற்பாடு ரெஜினா பி.எட். முடித்து, மங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் பள்ளிக்கு நேர்காணலுக்கு வந்தபோது, நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னோமே என்று அன்று எனக்குப் பெருமை. வெட்கமாக இருக்கிறது. வேலை கொடுத்தது நான் என்பதை ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். இதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எழுத வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் மோசம்.

வீட்டுக்கு வந்து பழைய பேட்டிகளை எல்லாம் மறுபடி போட்டுக் கேட்டேன். "முதல்வராக நீங்கள் எடுத்த முக்கியமான முடிவு எது?" என்று ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறேன். ஐந்து இடத்திலும் அவர், "பொறுப்புலதானுங்க மேடம் இருக்கறேன்" என்று ஆரம்பிக்கிறார். ஐந்து இடத்திலும் நான் அதைத் தாண்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

5

அந்தச் சனிக்கிழமை ஃபோன் செய்தேன். பதிவு செய்யவில்லை என்பதை முதலிலேயே சொன்னேன்.

"ரெஜினா டீச்சர், ஒண்ணு கேக்கோணும். நான் லீவுல இருக்கறதாலதான் உங்களை இன்னும் முதல்வரா போடாம இருக்காங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்."

"நெசமாச் சொல்லுங்க டீச்சர்."

"அங்க குளிரு எப்படிங்க இருக்குது? யாழினிக் கண்ணு நல்லாப் படிக்கறாளுங்களா?"

எங்கள் பக்கத்து மரியாதை இப்படித்தான். கதவைச் சாத்துகிற சத்தமே கேட்காது. சாத்தியிருப்பது பிறகுதான் தெரியும். நான் விடவில்லை. அந்த நாற்காலியில் ஏன் உட்கார்வதில்லை என்று நேராகக் கேட்டேன்.

பின்னால் எங்கோ தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாளாளர் ஐயாவே போன வருசம் சொன்னாருங்க, சும்மா உக்காந்துக்கங்க டீச்சர்னு. நாந்தானுங்க மாட்டேன்னுட்டேன்."

"ஏனுங்க?"

"உக்காந்தா, நீங்க வர்றப்ப எந்திரிக்கோணுமில்லீங்க மேடம். பிள்ளைங்க, டீச்சருங்க எல்லாரு முன்னாலயும் எந்திரிக்கறதுக்கு, உக்காராமயே இருந்துக்கலாம்னுதானுங்க."

அவரே தொடர்ந்தார்.

"எங்கம்மா அப்படித்தானுங்க. யாரு வந்தாலும் எந்திரிச்சுக்குவா. எனக்கு அது ஆகாதுங்க."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஏதோ வாயில வந்துருச்சு. நீங்க எப்ப வந்தாலும் சாவி தயாரா இருக்குதுங்க" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். ரெஜினாவுக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். பாதி எனக்காகத்தான் அழுதேன். என் நாற்பது பக்கமும் போனது. நான் பணிவு என்று எழுதியது, ஒரு பெண் ஆறு வருடமாகத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி. அதற்கு நான் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

6

சரி, ராஜினாமா எழுதிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

குண்டடம் தோட்டம் அண்ணன்களுக்குப் போய்விட்டது. செந்தில் பெயரில் இருக்கும் மங்கலத்து வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். ஊரில் இன்னும் என் பெயரில் இருந்தது அந்த வேலை ஒன்றுதான். செந்திலின் ஒப்பந்தம் முடிந்தால், இங்கே எதுவும் சரிப்படாவிட்டால், போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆறு குளிர்காலத்தையும் கடந்தேன். அதையும் கொடுத்துவிட்டால், லெஸ்டரில் வராத ஆசிரியருக்குப் பதிலாக நிற்கிற ஒரு பெண்தான் மிச்சம். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள், அடுத்த வருடம் விடலாமே என்றுகூட யோசித்தேன். ரெஜினாவும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, தாளாளரும் கேட்கப் போவதில்லை. அதுதான் என்னைச் சுட்டது. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே இத்தனை வருடமும் ஓட்டினேன்.

பத்தாம் நாள் காலை, அதே சமையலறை மேஜையில் எழுதினேன். விடுப்புக் கடிதத்துக்கு நான்கு வரி வேண்டியிருந்தது. இதற்கு ஒன்றே போதுமாக இருந்தது. யாழினியைக் கூப்பிட்டு ஆங்கிலம் சரியா பார் என்றேன். படித்தாள். பின்னாலிருந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். தமிழில் சொன்னாள்.

தாளாளர் உடனே கூப்பிட்டார். "அவசரப்பட்டுட்டீங்களே மேடம்" என்றார். ஆறு வருடத்தில் எது அவசரம் என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினா டீச்சரை நிரந்தர முதல்வராகப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "அவங்களைத் தவிர வேற யாருங்க?" என்றார். இந்த வார்த்தையை அவர் என்றைக்கோ சொல்லத் தயாராக இருந்திருக்கிறார். அவர் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அந்த வாக்கை வருடா வருடம் புதுப்பித்தது நான்.

ஜூன் முதல் வாரம் பணிவிடுவிப்பு ஆணை மின்னஞ்சலில் வந்தது. கீழே ரெஜினா டீச்சரின் கையெழுத்து. அதற்குக் கீழே முதல்வர் என்று இருந்தது. 'பொறுப்பு' என்ற சொல் இல்லை. அவர் முதல்வராகப் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, என்னை அந்தப் பள்ளியிலிருந்து விடுவித்த கையெழுத்து. எனக்கு இது நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்த்துச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன். "நன்றிங்க மேடம்" என்று பதில் வந்தது.

அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்கு அவரை மறுபடி பேட்டி எடுக்க வேண்டும். சனிக்கிழமை பேசலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் "சரீங்க மேடம்" வந்துவிடும். இந்த முறை இரண்டு நாள் ஆயிற்று. ஒரு படிவமும், ஒரு குரல் செய்தியும் வந்தன.

"மேடம், வணக்கமுங்க. பி.எட். பிள்ளைங்க, தொண்டு நிறுவனத்துக்காரங்கன்னு ஆராய்ச்சி பண்றோம்னு நெறையப் பேரு வந்து வகுப்பைக் கெடுக்கறாங்க. அதனால இந்த வருசத்துல இருந்து எல்லாருக்கும் ஒரு ஃபாரம் வெச்சிருக்கறனுங்க. நீங்களும் அதை நெரப்பி அனுப்பிச்சுருங்க. பாத்துட்டுச் சொல்றனுங்க."

குரலில் தயக்கமே இல்லை. மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

படிவத்தில் பெயர், முகவரி, ஆய்வின் நோக்கம், ஆய்வால் பள்ளிக்கு என்ன பயன். கடைசியில் ஒரு கட்டம்: 'பள்ளியுடன் உங்களுக்கு உள்ள தொடர்பு'. முன்னாள் முதல்வர் என்று எழுதினேன். அதைப் பார்த்தால் அவர் மறுக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்ததால் அழித்தேன். 'தற்போது எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து அனுமதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அங்கே பகல் இரண்டு மணி, நாற்பது நிமிடம். கம்பெனி லீவு நாள் என்று மூன்று மணிக்குப் பெற்றோர் வருவதால் நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்று போட்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு தனியாகவும் இருந்தது. இத்தனை நாளும் நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் அவர் ஃபோனை வைத்ததே இல்லை. இப்போது நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி என் கேள்விகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.